பாலைவன ஊரில் பழைய ஹீட் பம்பை மாற்றப் போகிறீர்களா? 28 பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரா பாலைவனத்துக்குள் இருக்கிறது ஃபீனிக்ஸ் நகரம். 2023-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள் அங்கே பகல் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை (43 டிகிரி செல்சியஸ்) எட்டியது அல்லது தாண்டியது. ஜூலை 19 அன்று இரவில்கூட 97 டிகிரிக்கு (36 செல்சியஸ்) கீழே இறங்கவில்லை. ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுன்ட்டியில் அந்த ஆண்டு வெப்பத்தால் நேர்ந்த சாவுகள் 645. இப்படிப்பட்ட ஊரில் வீட்டு ஏசி நின்றால் வியர்வையோடு முடிவதில்லை, உயிருக்கே ஆபத்து.

ஹீட் பம்ப் என்றதும் வெந்நீர் இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். கோடையில் அது வழக்கமான ஏசிதான். குளிர்காலத்தில் அதனுள் இருக்கும் ரிவர்சிங் வால்வு குளிரூட்டும் கேஸ் ஓடும் திசையை மாற்றிவிட, வெளிக்காற்றில் உள்ள சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவரும். ஃபீனிக்ஸில் ஜனவரி விடியற்காலைகளில்கூடப் பெரும்பாலும் 40 டிகிரிக்கு (4 செல்சியஸ்) மேல்தான் இருக்கும். அதனால் தனியாக எரிவாயு ஹீட்டர் இல்லாமல் ஹீட் பம்ப் ஒன்றையே வைத்து ஆண்டு முழுவதும் ஓட்டும் வீடுகள் அங்கே ஏராளம். வேலைக்காக ஃபீனிக்ஸின் புறநகர்களான சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடியேறிப் பழைய வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒருநாள் இந்தச் செலவு வந்தே தீரும்.

மாற்றுவது என்று வந்ததும் எல்லோரும் பிராண்டையும் விலையையும்தான் விசாரிக்கிறார்கள். பாலைவனத்தில் மின்கட்டணத்தையும் சாதனத்தின் ஆயுளையும் தீர்மானிப்பவை வேறு: சரியான அளவு, ஒழுகாத டக்ட் (காற்றுக் குழாய்), பொருத்துபவரின் கைத்திறன், மாற்றுவதற்குத் தேர்ந்தெடுக்கும் மாதம். இந்தக் குறிப்புகள் அந்த நான்கையும் கவனிக்க உதவும்.

மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

1. முதலில் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். இல்லாவிட்டால் சீரியல் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மிதமான ஊர்களில் பதினைந்து ஆண்டுக்கு மேல் உழைக்கும் சாதனம், ஆண்டில் ஆறு மாதம் ஓயாமல் ஓடும் பாலைவனத்தில் பத்து முதல் பதினைந்து ஆண்டுக்குள் களைத்துவிடும். பத்தைத் தாண்டியதுமே பணம் ஒதுக்கத் தொடங்குங்கள்.

2. வெளி யூனிட் "ம்ம்ம்" என்று முனகுகிறது, ஆனால் விசிறி சுற்றவில்லை என்றால் பதறாதீர்கள். பெரும்பாலும் போயிருப்பது கெபாசிட்டர். பாலைவன வெயிலில் அடிக்கடி சாகும் உதிரிபாகம் இதுதான். சாதனத்தின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது. மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் மின்சாரத்தை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். நீங்களே கை வைக்க வேண்டாம்.

3. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: ஏசி ஓடத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் கழித்து, உள்ளே இழுக்கும் கிரில் அருகே ஒரு தெர்மாமீட்டரையும், குளிர்காற்று வரும் துவாரத்தில் இன்னொன்றையும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 9 முதல் 12 செல்சியஸ்) வித்தியாசம் இருந்தால் குளிரூட்டும் வேலை ஒழுங்காக நடக்கிறது. மிகக் குறைந்திருந்தால் கேஸ் குறைவு, அழுக்கான காயில், தேய்ந்த கம்ப்ரசர் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். மிகக் கூடியிருந்தால் காற்றோட்டம் தடைபடுகிறது, ஃபில்டரைப் பாருங்கள்.

4. கொளுத்தும் மதியத்தில் ஏசி ஓயாமல் ஓடினால் அது பழுது என்று அர்த்தமில்லை. ஃபீனிக்ஸில் வீட்டுக்கு ஏசி அளவு கணக்கிடும்போது வெளிவெப்பத்தை 108 முதல் 110 டிகிரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சரியான அளவில் பொருத்திய சாதனம் அந்த வெயிலில் ஏறக்குறைய நிற்காமல் ஓட வேண்டும். 117 டிகிரி அடிக்கும் நாளில் வீட்டுக்குள் இரண்டு மூன்று டிகிரி ஏறுவதும் இயல்பே. அதைப் பார்த்து "பெரிய யூனிட் போட்டுக்கொள்ளுங்கள்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெளியே 100 டிகிரியாக இருக்கும்போதே வீடு குளிரவில்லை என்றால் அதுதான் நோய்.

5. எந்தப் பாகம் போனது என்பதை வைத்து முடிவெடுங்கள். கெபாசிட்டர், கான்டாக்டர், விசிறி மோட்டார் என்றால் பன்னிரண்டு வயது யூனிட்டாக இருந்தாலும் மாற்றிவிட்டு ஓட்டலாம். வாரன்டி முடிந்த யூனிட்டில் கம்ப்ரசர் எரிந்தால், அல்லது உள் காயில் ஓட்டையாகி கேஸ் கசிந்தால், அந்தச் செலவைப் புதிய சாதனத்தில் போடுவதே மேல். இத்துறையில் ஒரு மனக்கணக்கு உண்டு: சாதனத்தின் வயதையும் பழுதுச் செலவையும் பெருக்குங்கள், 5,000 டாலரைத் தாண்டினால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். 13 வயது யூனிட்டுக்கு 600 டாலர் செலவு என்றால் பெருக்கினால் 7,800. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். யோசிக்கத் தொடங்க ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

6. தகட்டில் ஆர்-22 என்று இருந்தால் கேஸ் நிரப்பிக் காலம் தள்ளாதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இந்த கேஸைப் புதிதாகத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் தடை. மீட்டெடுத்த பழைய இருப்புதான் சந்தையில் ஓடுகிறது, விலை அதிகம். கசியும் யூனிட்டில் இதை ஊற்றுவது காற்றில் பணத்தை விடுவதுதான். வேறு கேஸைக் கலந்து சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

7. "இது இனி ஓடாது, மாற்றியே ஆக வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறார் என்று எழுதி வாங்குங்கள். கெபாசிட்டரின் அளவு, கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியர், கேஸ் அழுத்தம் ஆகிய எண்கள் இருந்தால் அடுத்து வரும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்கலாம். எண் தர மறுப்பவர் சொல்வது விற்பனைப் பேச்சு.

எப்போது மாற்றலாம்?

8. ஃபீனிக்ஸ், டூசான், யூமா, லாஸ் வேகஸ் போன்ற ஊர்களில் மாற்றுவதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை. அதை விட்டால் அக்டோபர் கடைசி, நவம்பர். ஜூன், ஜூலையில் மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அவசரத்தில் இருக்கும் உங்களிடம் பேரம் பேசும் பலமும் இருக்காது. 150 டிகிரியில் (65 செல்சியஸ்) கொதிக்கும் ஆட்டிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள அறையில், நிதானமாக வேலை பார்க்க யாராலும் முடியாது. அதே ஆள் மார்ச்சில் வந்தால் டக்ட் இணைப்பு ஒவ்வொன்றையும் பார்த்துச் செய்வார்.

9. கோடைக்கு முன்பே ஒரு சிறிய ஜன்னல் ஏசி வாங்கி கராஜில் வைத்துவிடுங்கள். 8,000 பிடியு அளவு ஒரு படுக்கையறைக்குப் போதும். பெரிய சாதனம் ஜூலையில் படுத்துவிட்டால் வீடே ஒரு அறையில் படுத்து இரண்டு மூன்று நாளைச் சமாளிக்கலாம். குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம். இதையும் மீறிச் சிக்கல் என்றால் 211 என்ற எண்ணை அழைத்தால் அருகிலுள்ள குளிர்மையங்களைச் சொல்வார்கள்.

வாங்கும் முன்

10. "பழையது நாலு டன், புதியதும் நாலு டன்" என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு சூட்டை வெளியேற்றும் திறன். உங்கள் வீட்டுக்கு எத்தனை டன் வேண்டும் என்பதை "மேனுவல் ஜே" என்னும் கணக்கு சொல்லும். மேற்குப் பார்த்த ஜன்னல்கள் எத்தனை, கூரையடி இன்சுலேஷன் எவ்வளவு தடிமன், சுவர் கான்கிரீட் பிளாக்கா மரச்சட்டமா, வீடு எந்த அளவுக்குக் காற்றுக் கசிகிறது என்றெல்லாம் கேட்டுத்தான் அதைப் போட முடியும். சதுரடியை மட்டும் கேட்டுவிட்டு டன் சொல்பவர் கணக்குப் போடவில்லை. பழைய யூனிட் வைத்த பிறகு நீங்கள் ஜன்னலையோ இன்சுலேஷனையோ மாற்றியிருந்தால் அரை டன் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

11. பெரிய யூனிட் போட்டால் அதிகக் குளிர்ச்சி என்பது தவறான எண்ணம். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும். நாலு டன்னுக்காகப் போட்ட டக்டில் 1,600 கன அடி போகும். ஐந்து டன் யூனிட்டோ 2,000 கேட்கும். டக்ட் அதைத் தாங்காது. இரைச்சல் கூடும், விசிறி மோட்டார் திணறும், மின்கட்டணம் ஏறும், மூலை அறை மட்டும் சூடாகவே இருக்கும்.

12. எஸ்இஇஆர்2 எண்ணைவிட இஇஆர்2 எண்ணை முக்கியமாகப் பாருங்கள். விளம்பரங்களில் பெரிதாகப் போடும் எஸ்இஇஆர்2, மிதமான வெயிலையும் சேர்த்து எடுத்த பருவச் சராசரி. இஇஆர்2 என்பது வெளியே 95 டிகிரி (35 செல்சியஸ்) இருக்கும்போது அளந்த திறன். பாலைவன மதியத்துக்கு இதுதான் நெருக்கமான எண். 2023 முதல் அமல்படுத்திய மத்திய அரசு விதியில், தென்மேற்கு மாநிலங்களின் சாதாரண ஏசிக்கு இஇஆர்2 குறைந்தபட்ச வரம்பு உண்டு; ஸ்பிளிட் ஹீட் பம்புக்கு எஸ்இஇஆர்2 14.3, எச்எஸ்பிஎஃப்2 (சூடேற்றும் திறன்) 7.5 என்ற இரண்டு வரம்பு மட்டுமே. ஆகவே ஹீட் பம்ப் வாங்குகிறவர் இஇஆர்2 எண்ணைத் தானே கேட்டு வாங்க வேண்டும். 18 என்று எஸ்இஇஆர்2 காட்டும் ஒரு யூனிட்டின் இஇஆர்2, 15 காட்டும் யூனிட்டைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். மூன்றரை டன் என்றால் 42,000 பிடியு. தேய்ந்துபோன பழைய யூனிட்டின் திறன் (இஇஆர்2) 8 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 5.25 யூனிட் மின்சாரம் இழுக்கும். 11.7 உள்ள புதியது சுமார் 3.6 யூனிட். மணிக்கு 1.65 யூனிட் மிச்சம். ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 2,475 யூனிட். யூனிட்டுக்கு 15 சென்ட் என்றால் 370 டாலர் சொச்சம். உங்கள் பில்லில் உள்ள விலையையும் ஓடும் நேரத்தையும் போட்டுக் கணக்கிட்டால், விலை உயர்ந்த மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

13. 115 டிகிரியில் (46 செல்சியஸ்) இந்த யூனிட் எத்தனை பிடியு தரும் என்று கேளுங்கள். பெட்டியில் எழுதியுள்ள டன் 95 டிகிரி வெயிலுக்கானது. வெயில் ஏற ஏறத் திறன் குறையும், இழுக்கும் மின்சாரம் கூடும். ஒவ்வொரு மாடலுக்கும் தயாரிப்பாளர் விரிவான செயல்திறன் அட்டவணை வைத்திருப்பார். அதில் 115 டிகிரி வரிசையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை டிகிரி வெளிவெப்பம் வரை ஓடலாம் என்ற வரம்பையும் பாருங்கள். சில மாடல்களுக்கு அந்த வரம்பு 115 டிகிரிதான். மொட்டைமாடியிலோ மேற்குச் சுவரோரமோ வைக்கும் யூனிட்டைச் சுற்றியுள்ள காற்று, வானிலை அறிக்கையில் சொல்வதைவிடச் சூடாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

14. இன்வர்ட்டர் வகை நல்லதுதான், ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலும் இரவுகளிலும் மெதுவாக ஓடிச் சிக்கனம் தரும், சத்தம் குறைவு, தொடங்கும்போது விளக்கு மங்காது. ஜூலை மதியத்தில் அதுவும் முழு வேகத்தில்தான் ஓடும். அதன் எலெக்ட்ரானிக் போர்டு வெயிலில் பழுதானால் செலவு அதிகம். இரண்டு வேக யூனிட் பல வீடுகளுக்கு நடுவழி. எதுவானாலும், அந்த மாடலைச் சரிபார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

15. புதிய கேஸைக் கண்டு மிரள வேண்டாம். வீட்டுச் சாதனங்களை ஆர்-410ஏ கேஸில் புதிதாகத் தயாரிப்பது 2025 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது. இப்போது வருபவை ஆர்-454பி அல்லது ஆர்-32. ஆர்-410ஏ கேஸின் புவி வெப்பமூட்டும் மதிப்பு 2,088; ஆர்-32-க்கு 675, ஆர்-454பி-க்கு 466. இவை இரண்டும் லேசாகத் தீப்பற்றும் இனம் என்பதால், தேவைப்படும் இடத்தில் கசிவைக் கண்டறியும் சென்சாரும் சேர்ந்தே வரும். அதைத் துண்டித்துவிடும் மெக்கானிக்கைத் துரத்திவிடுங்கள். நல்ல நிலையில் ஆர்-410ஏ யூனிட் வைத்திருப்பவர்கள் கேஸுக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. பழுதுபார்க்க அந்த கேஸ் கிடைக்கிறது.

16. வெளி யூனிட்டை மட்டும் மாற்றி, உள்ளே பழைய காயிலை வைத்துச் சமாளிக்காதீர்கள். இரண்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டவை. அந்த ஜோடிக்கு ஏஎச்ஆர்ஐ என்ற அமைப்பு தரும் சான்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கொட்டேஷனில் எழுதியுள்ள திறன் எண்கள் உண்மையா என்பது அந்தச் சான்றில் தெரிந்துவிடும்.

17. குளிர்காலத்துக்கு உதவியாக உள் யூனிட்டில் வைக்கும் மின்கம்பிச் சூடேற்றியை ஹீட் ஸ்ட்ரிப் என்பார்கள். 10 கிலோவாட் ஸ்ட்ரிப் மணிக்கு 10 யூனிட் மின்சாரம் தின்னும். ஃபீனிக்ஸ் குளிருக்கு அது அபூர்வமாகத்தான் தேவைப்படும். போட்டே ஆக வேண்டும் என்றால் சிறியதாகப் போட்டு, வெளியே 40 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் ஓடும்படி தெர்மோஸ்டாட்டில் பூட்டிவிடுங்கள். அதே அரிசோனாவில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் பனி பெய்யும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்துக்கு இந்த ஆலோசனை பொருந்தாது.

18. 2,000 டாலர் மத்திய அரசு வரிச்சலுகை பற்றி யாராவது பேசினால் தேதியைப் பாருங்கள். ஹீட் பம்ப் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் என்றிருந்த அந்தச் சலுகை, 2025 டிசம்பர் 31-க்குள் பொருத்தியவர்களுக்கு மட்டுமே. மின்நிறுவனங்கள் தரும் தள்ளுபடி தனி. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கையெழுத்திடும் முன்பே உங்கள் மின்நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். பொருத்திய பிறகு கேட்டால், பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரர் செய்யவில்லை என்று கைவிரிக்கக்கூடும்.

டக்டைக் கவனியுங்கள்

19. புதிய யூனிட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் டக்ட் கசிவுச் சோதனை செய்யுங்கள். சாதாரண வீட்டு டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டைகள் வழியாக வீணாகிறது என்பது எனர்ஜி ஸ்டார் திட்டத்தின் மதிப்பீடு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கும் வேலை இது. பாலைவன வீடுகளில் டக்ட் ஓடுவது கொதிக்கும் ஆட்டிக்கில். குளிர்காற்று வெளியே போவது ஒருபுறம். இழுக்கும் பக்கம் ஓட்டை இருந்தால் அந்த 150 டிகிரிக் காற்றையே புழுதியோடு உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவரும். இணைப்புகளை மாஸ்டிக் என்னும் பசைக்கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். துணி டேப் வெயிலில் காய்ந்து ஓரிரு ஆண்டில் கழன்றுவிடும். டக்டைச் சீர்செய்தபின் மேனுவல் ஜே கணக்கைப் போட்டால் சிறிய யூனிட்டே போதும் என்று வருவதும் உண்டு.

20. காற்று உள்ளே இழுக்கும் வழி போதுமானதா என்று பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் ஒரே ஒரு கிரில்தான் இருக்கும். ஏசி ஓடும்போது ஃபில்டர் உள்பக்கமாக வளைகிறது, கிரில் விசிலடிக்கிறது, படுக்கையறைக் கதவு தானாக இழுத்துச் சாத்திக்கொள்கிறது என்றால் வழி குறுகல் என்று அர்த்தம். இன்னொரு கிரில் திறப்பது பெரிய செலவில்லை. ஒரு அங்குல நெருக்கமான ஃபில்டருக்குப் பதில் நாலு அங்குலத் தடிமன் ஃபில்டர் வைக்க இடம் செய்தால் காற்றும் தடையின்றி ஓடும், அடிக்கடி மாற்றவும் வேண்டாம்.

ஒப்பந்தம்

21. அரிசோனாவில் ஒப்பந்ததாரர் உரிமத்தை மாநிலத்தின் ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் அலுவலகம் தருகிறது. வீட்டு ஏசி வேலைக்கு ஆர்-39 அல்லது சிஆர்-39 வகை உரிமம் வேண்டும். அலுவலகத்தின் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டால், அது நடப்பில் உள்ளதா, புகார்கள் உண்டா என்று காட்டும். உரிமம் பெற்றவர் செய்த வேலை மோசமாகி நஷ்டம் ஏற்பட்டால், வீட்டு உரிமையாளருக்கு 30,000 டாலர் வரை ஈடு கிடைக்க ஒரு நிதி இருக்கிறது. உரிமம் இல்லாதவரிடம் கொடுத்த வேலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கேஸைக் கையாளுபவரிடம் மத்திய சுற்றுச்சூழல் முகமையின் 608 சான்றும் இருக்க வேண்டும்.

22. குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: உள், வெளி யூனிட்களின் முழு மாடல் எண், சான்று எண், இஇஆர்2, டக்ட் வேலை உண்டா, கேஸ் குழாய் புதியதா பழையதா, பெர்மிட் யார் பொறுப்பு, பழைய யூனிட்டை யார் எடுத்துப்போவது, உதிரிபாக வாரன்டி எத்தனை ஆண்டு, கூலிக்கான வாரன்டி எத்தனை ஆண்டு. "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் ஆயிரம் டாலர் குறைப்பு" என்பவர் நாளைக்கும் அதே விலைக்குத் தருவார். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டாம்.

23. ஃபீனிக்ஸ் பகுதியின் பழைய வீடுகளில் சாதனம் முழுவதும் ஒரே பெட்டியாகக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும். இதை பேக்கேஜ் யூனிட் என்பார்கள். இதை மாற்ற கிரேன் வேண்டும். அதன் வாடகை கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய பெட்டியின் அடிப்பகுதி பழைய திறப்போடு பொருந்தாவிட்டால் இடையில் ஒரு அடாப்டர் வைத்து, சுற்றிலும் நீர் புகாமல் அடைக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வரும் பருவமழையில்தான் அடைப்பின் லட்சணம் தெரியும். கூரை ஒழுகினால் பொறுப்பு யாருடையது என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

பொருத்தும் நாள்

24. அன்று வீட்டில் இருங்கள். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும். குழாய்களைப் பற்றவைத்தபின் நைட்ரஜன் நிரப்பி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து வேக்வம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுபோய், பம்பை நிறுத்திய பிறகும் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். இந்தப் படியை அவசரமாகத் தாண்டினால் குழாயில் தங்கும் ஈரம் கம்ப்ரசரை மெல்ல அரிக்கும். கேஜில் தெரியும் எண்ணை மொபைலில் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். வேலை தானாகவே ஒழுங்காக நடக்கும். கடைசியில் டக்டின் காற்றழுத்த அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

25. பிரேக்கரைச் சரிபாருங்கள். புதிய யூனிட்டின் தகட்டில் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் பிரேக்கர் வைக்கலாம் என்று இருக்கும். புதிய யூனிட் குறைந்த மின்சாரம் இழுப்பதால், பழைய 50 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அதிகமாக இருக்கலாம்.

26. கிளம்பும் முன் குளிர், சூடு இரண்டு முறையிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரிவர்சிங் வால்வுக்கு மின்சாரம் குளிரூட்டும்போது போக வேண்டுமா, சூடாக்கும்போதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தெர்மோஸ்டாட்டில் இதைத் தவறாக அமைத்தால் குளிர் கேட்கும்போது சூடு வரும். வாரன்டியையும் அந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். பல நிறுவனங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிந்தால்தான் பத்தாண்டு உதிரிபாக வாரன்டி. தவறினால் ஐந்தாகக் குறையும்.

மாற்றிய பிறகு

27. புழுதிப் புயல் அடித்து ஓய்ந்ததும் ஃபில்டரைப் பாருங்கள். கோடையில் ஒரு அங்குல ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றுவது நல்லது. வெளி காயிலில் புழுதி படிந்திருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, தோட்டக்குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். யூனிட்டைச் சுற்றி இரண்டடி, மேலே ஐந்தடி வெற்றிடம் இருக்கட்டும். வெயிலுக்கு மறைப்பு என்று நெருக்கமாகப் பலகை அடித்தால் வெளியேறும் சூடான காற்று திரும்ப உள்ளே போகும். நீர்ச்சாரல் தெளிக்கும் கருவிகளும் வேண்டாம். ஃபீனிக்ஸின் குழாய்த் தண்ணீர் உப்பு மிகுந்த கடினநீர், காயில்மேல் சுண்ணாம்பாகப் படியும்.

28. மின்கட்டணம் உச்சமாக இருக்கும் நேரத்துக்கு முன்பே வீட்டைக் குளிர வையுங்கள். ஃபீனிக்ஸ் பகுதிக்கு மின்சாரம் தரும் ஏபிஎஸ் நிறுவனத்தின் நேரவாரிக் கட்டணத் திட்டங்களில் வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை விலை அதிகம். அங்குள்ள இன்னொரு மின்நிறுவனமான எஸ்ஆர்பி-யில் திட்டத்துக்குத் திட்டம் நேரம் மாறும். 4 மணிக்குள் 74 டிகிரிக்கு (23 செல்சியஸ்) கொண்டுவந்துவிட்டு, 7 மணி வரை 80-ஐ (27 செல்சியஸ்) ஒட்டி விட்டுவிடுங்கள். மேற்கு ஜன்னல் திரைகளை மதியமே இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. புதிய யூனிட் வைத்த முதல் கோடையில் மாதாமாதம் பில்லில் உள்ள யூனிட் கணக்கைச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு எழுதி வாருங்கள். வெயில் ஏறக்குறைய அதே அளவில் இருந்தும் யூனிட் குறையவில்லை என்றால், கூலி வாரன்டி இருக்கும்போதே பொருத்தியவரைக் கூப்பிட்டு டக்டையும் கேஸ் அளவையும் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.